தரை அதிரலையே, பாஸ்டரய்யா!

தியானப் பகுதி: 1 சாமுவேல் 30:9-25



 

இந்த மாதம் நான் எழுதுவது ஒரு பாவ அறிக்கை. அது நம்முடைய சபையின் பேஸ் கிட்டாரைப் பற்றியது. சிரிக்காதீர்கள், கடைசிவரை பொறுமையாய் வாசியுங்கள்.

ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, "இன்னைக்கு கீபோர்டு நல்லா இருந்துச்சு, டிரம்ஸ் நல்லா அடிச்சான்" என்று பேசிக்கொள்வோம். "பேஸ் நல்லா இருந்துச்சு" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. நாலே கம்பி. அதில் தடித்த கம்பியைச் சும்மா விட்டு மீட்டினால் வினாடிக்கு 41 தடவைதான் அதிரும். அந்த ஒலி அலையின் நீளமோ ஏறக்குறைய 27 அடி. நம் ஜெபவீட்டின் அகலம்கூட அவ்வளவு இல்லை! இத்தனை தாழ்ந்த ஒலி காதுக்குக் கேட்பதைவிடத் தரையிலும் நெஞ்சிலும்தான் அதிகமாய்த் தெரியும். சுவரைக் கடந்து வெளியேயும் போகும். தெருவில் நடந்துபோகிறவனுக்கு நம் பாட்டின் வார்த்தை புரியாது, ராகம் பிடிபடாது; அடியில் போகிற அந்தத் துடிப்பு மட்டும் அவனை எட்டும்.

இந்தக் கருவியின் சரித்திரமே மறைவாய் இருந்தவர்களின் சரித்திரம்தான். 1951-ல் இதைக் கடைக்குக் கொண்டுவந்து உலகமெங்கும் பரவச் செய்தவர் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். அவர் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது! டெட்ராய்ட் நகரத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். 1960-களில் மோட்டவுன் கம்பெனியின் எத்தனையோ பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் அவர்தான். ஆனால் 1971 வரைக்கும் அந்தக் கம்பெனி இசைத்தட்டு உறைகளில் அவர் பெயரைப் போடவில்லை.

அவ்வளவு தூரம் ஏன்? நம் போடியிலிருந்து தேவாரம் வழியாய்ப் போனால் பண்ணைப்புரம் வரும். 1943-ல் இளையராஜா பிறந்த ஊர். சினிமாப் பாட்டுக்குப் பரிந்துபேச நான் வரவில்லை. ஆனாலும் பேஸ் கிட்டாரைப் பாட்டுக்குள் தனியாகப் பேசவைத்தவர் அவர் என்பது இந்தக் கருவியைத் தொட்ட எல்லாத் தம்பிகளுக்கும் தெரியும். அவருக்கு வருஷக்கணக்காய் பேஸ் வாசித்தவர் சசிதரன். ராஜாவைத் தெரியாதவன் நம் தேனி மாவட்டத்தில் இல்லை. சசிதரனை எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன்.

நம் சபையில் இருக்கிற பேஸ் கிட்டார் பழையது. கோடவுனில் காய் பொறுக்குகிற சகோதரிகள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த காணிக்கையில் வாங்கியது. அதை வாசிக்கிற தம்பி விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவன். சனிக்கிழமைகளில் அந்தக் கிட்டாரையும் கூடவே கொண்டுபோவான். சாயங்காலம் அங்கே லயத்தில் ஒரு சின்ன ஜெபக்கூட்டம். அங்கே வாசித்துவிட்டு ராத்திரி தங்கி, ஞாயிறு காலையில் கிடைக்கிற வண்டியில் இறங்கி ஆராதனைக்கு வந்துவிடுவான். மலையில் ஒரு சபைக்காரரிடம் ஆம்ப் இருக்கும், இன்னொருத்தரிடம் சால்டரிங் அயர்ன் இருக்கும், கிட்டார் நம்முடையது. இப்படி மூன்று சபைப் பிள்ளைகள் ஒரே கிட்டாரைப் பகிர்ந்து கற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது பாதிதான் தெரியும், மீதியைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஆடி மாத ஞாயிறு. மலையில் நல்ல மழை. தம்பி நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். வாசிக்க ஆரம்பித்ததும் கம்பி கர்ரென்று உறுமியது, ஜாக்கில் சத்தம் விட்டுவிட்டு வந்தது. அன்றைக்கு வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரரும் வந்திருந்தார். எனக்கு மானம் போய்விட்டது. ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்பாகவும் சத்தம் போட்டேன். "இது சபை சொத்துப்பா. மலைக்கெல்லாம் தூக்கிட்டுத் திரியறதுக்கா வாங்கினோம்? இனிமே இது இங்கிருந்து நகரக்கூடாது." அதோடு விட்டிருக்கலாம். "நீ வாசிக்கலைன்னாலும் இங்க யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றும் சொல்லிவிட்டேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. "சரிங்க பாஸ்டர்" என்றான். கிட்டாரை உறையில் போட்டு, அலமாரி சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. பாட்டு ஆரம்பித்தோம். டிரம்ஸ் வாசிக்கிற பிள்ளை நிதானம் தவறி ஓட ஆரம்பித்தான். கீபோர்டுக்காரர் இடது கையால் ஈடுகட்டப் பார்த்தார், முடியவில்லை. கைதட்டும் பாட்டும் ஒன்றையொன்று துரத்தின. யாருக்கும் என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்தபின் நம் சபையின் வயதான தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். உங்களில் அநேகருக்கு அவரைத் தெரியும், காது மந்தம், எப்போதும் முன்வரிசையில் பாயில் உட்காருவார். "ஏன் பாஸ்டரய்யா, இன்னைக்குத் தரை அதிரலையே? அந்தத் தம்பி வரலையா?" என்று கேட்டார். நான் விழித்தேன். "எனக்குத்தான் காது கேக்காதே. கால் வழியா வர்ற அந்த அதிர்வை வச்சுத்தான் பாட்டு எங்க போகுதுன்னு தெரிஞ்சு நானும் கை தட்டுவேன்" என்றார்.

தேவபிள்ளைகளே, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நான் சொன்னேனே, அது முதலாவது அந்தத் தாய்க்குத் தெரிந்துவிட்டது! அவர் ஆராதிக்கிற வாசலையே நான் அடைத்துவிட்டேன்.

அன்றைக்கே நான் அவன் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. "அவனே வரட்டும், நான் பாஸ்டர்" என்ற பெருமை. இப்படியே நாலு ஞாயிறு ஓடிப்போயிற்று. அந்த நாலு வாரமும் என் ஜெபம் கூரையைத் தாண்டவில்லை.

அப்போதுதான் ஒரு ராத்திரி உபவாச ஜெபத்துக்கு ஆயத்தம் பண்ணுகையில் மேலே குறித்திருக்கிற பகுதியில் ஆண்டவர் என்னோடு இடைப்பட்டார். அமலேக்கியர் சிக்லாகைச் சுட்டெரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துப் போய்விட்டார்கள். தாவீது 600 பேரோடு துரத்துகிறான். பேசோர் ஆற்றங்கரையில் 200 பேர் விடாய்த்துப்போய் நின்றுவிடுகிறார்கள். மூட்டைமுடிச்சுகள் அவர்களிடத்தில் இருக்கின்றன. மற்ற 400 பேர் போய் யுத்தம்பண்ணி எல்லாவற்றையும் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். வந்தவர்களில் சிலர், பின்தங்கினவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கிடையாது, பெண்டு பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. இது கர்த்தர் தந்தது. யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டையைக் காத்தவனுக்கும் ஒரே பங்கு என்று சொல்லி, அதை இஸ்ரவேலில் சட்டமாகவே ஆக்கிவிட்டான்.

அந்தப் பங்கு தரமாட்டோம் என்றவர்களை வேதம் என்ன பெயரிட்டு அழைக்கிறது என்று 22-ம் வசனத்தை எடுத்து நீங்களே வாசித்துப் பாருங்கள். நான் வாசித்தேன். அங்கே என் முகம் தெரிந்தது. "கர்த்தர் தந்ததை உன் சொத்து என்று சொல்ல நீ யார்?" என்று ஆவியானவர் கேட்டார். முழங்காலில் விழுந்தேன்.

சனிக்கிழமை விடியற்காலை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நானே ஜீப் ஏறினேன். ஏறக்குறைய நாலடி நீளம், நாலு கிலோவுக்குக் குறையாத கனம். பதினாலு பேர் நெருக்கி உட்கார்ந்த வண்டியில், வளைவுக்கு வளைவு அதை ஒரு பிள்ளையைப்போல் மடியில் அணைத்துக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. வாராவாரம் அவன் இதைச் செய்திருக்கிறான்! அந்த ஆடி மழையில் தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கிட்டாருக்குப் போர்த்தித்தான் அவன் நனைந்து வந்தான் என்பது அன்றைக்குத்தான் கூட வந்த சகோதரிகள் சொல்லித் தெரிந்தது.

சாயங்காலம் லயத்தில் எல்லாரும் கூடினார்கள். எல்லார் முன்பாகவும் திட்டினேன், ஆகையால் எல்லார் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "விடுங்க பாஸ்டர். ஆலன் சாவியையும் எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டான். அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு எனக்கு அவன் பாடம் எடுத்தான். நாலு கம்பியும் சேர்ந்து அந்தக் கழுத்தை 70, 80 கிலோ பாரத்துக்கு இழுக்குமாம். அதைத் தாங்குவது மரத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கிற ட்ரஸ் ராடு என்கிற இரும்புக் கம்பி. மலை ஈரத்தில் மரம் ஊதி, கழுத்து பின்பக்கமாய் வளைந்திருந்தது. அதனால்தான் கம்பி பிரெட்டில் உரசி உறுமியது. "கால் சுத்துக்கு மேல ஒரே தடவையில திருப்பக்கூடாதுங்க பாஸ்டர். கொஞ்சம் திருப்பிட்டு விட்டுறணும். மரத்துக்கு நேரம் குடுக்கணும்" என்றான். நானோ ஒரு ஆத்துமாவை ஒரே ஞாயிற்றில் முழுச் சுற்றுத் திருப்பினவன்! ஒரு சகோதரர் ஜாக்கின் ஒயரை ஈயம் வைத்துப் பற்றினார். புதுக் கம்பி ஒரு செட் வாங்கப் பல நாள் கூலி ஆகும். ஆகவே பழைய கம்பியைக் கழற்றி, கஞ்சி காய்ச்சுகிற பாத்திரத்தில் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, வியர்வை அழுக்குப் போகத் துடைத்து மாட்டினார்கள். சில வாரத்துக்கு ஒலி தெளிவாய் இருக்குமாம்.

ஆனாலும் ஒன்றை நான் மறைக்கக்கூடாது. அந்த லயத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இந்தத் தம்பியிடம் பேஸ் கற்றுக்கொண்டிருந்தான். நாலு சனிக்கிழமையும் வாசலில் வந்து நின்று, கிட்டார் வரவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். நான் போவதற்கு இரண்டு நாள் முன்புதான் திருப்பூருக்கு பனியன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். வறுமைக்காகப் போனானா, மனம் வெறுத்துப் போனானா, தேவன் அறிவார். இன்றைக்கும் அவனுக்காக ஜெபிக்கிறேன். மன்னிப்புக் கிடைத்தது உண்மை. போன நாலு வாரம் திரும்பி வரவில்லை, அதுவும் உண்மை.

அருமையானவர்களே, சரீரத்தில் பலவீனமாய்க் காணப்படுகிற அவயவங்கள்தான் அதிகமாய் வேண்டியவை என்று பவுல் அப்போஸ்தலன் 1 கொரிந்தியர் 12-ல் போதிக்கிறார். உங்கள் வீட்டில், சபையில், அந்தத் தாழ்ந்த கம்பி யார்? கன்வென்ஷனுக்கு விடியவிடிய சோறு பொங்குகிற சகோதரியா? பாய் விரித்துச் சுருட்டி வைக்கிற தாத்தாவா? நீங்கள் சுகமாய் இருக்கப் பேசாமல் மலையேறுகிற கணவனா? அவர்கள் நின்றுபோனபின் தரையைத் தொட்டுப்பார்த்துப் பிரயோஜனம் இல்லை. இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களிடத்தில் அலமாரியில் பூட்டிக்கிடக்கிற பொருள் என்ன? அது யாருக்கோ உரிய பங்காய் இருக்கலாம்.

இப்போது நம் ஜெபவீட்டு அலமாரிக்குப் பூட்டு இல்லை. ஒரு நோட்டு மட்டும் தொங்குகிறது. எந்தச் சனிக்கிழமை எந்தச் சபைக்குக் கிட்டார் போகிறது என்று தம்பிமார் அதில் எழுதிவைக்கிறார்கள். பக்கத்தில் கம்பி வாங்க ஒரு உண்டியல் இருக்கிறது. போன ஞாயிறும் அந்தத் தாயார் முன்வரிசையில், செருப்பில்லாத பாதங்களைத் தரையில் நன்றாய் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, தாழ்ந்த சத்தங்களைக் கேட்கிற செவியை எங்களுக்குத் தாரும். உம்முடையதை எங்களுடையது என்று பூட்டிவைத்த பாவத்தை மன்னியும். திருப்பூரில் இருக்கிற அந்தப் பிள்ளையை நினைத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென். அல்லேலூயா!