துடைத்த பிறகும் அது துப்பாக்கிதான்

போன வருஷம் ஒரு செமஸ்டர் சிட்னியில் படித்தேன். அங்கே எங்கள் பட்டறையில் 60 வயது தாண்டிய டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். பழைய இராணுவத் துப்பாக்கிகளை வாங்கிச் சரிசெய்வதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினார். லீ-என்ஃபீல்டு .303. அந்த மாநிலத்திலேயே, லித்கோ தொழிற்சாலையில், 1941-இல் செய்தது.

நம்ம ஊரில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே சிறை, பிரம்படி. எனக்கு முதலில் தொடவே கை வரல. ஆனால் வேலை ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. இறுகிப்போன கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தோம். அந்தக் காலத்துத் தோட்டா சுட்டால் குழலில் ஒருவகை உப்பு தங்குமாம். அது ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். அதனால்தான் சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். கட்டைப் பகுதியில் பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால், மரநார் ஊறி மேலே எழும்பி வரும். அதைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்!

பின்கட்டையில் கத்தி நுனியால் யாரோ இரண்டு எழுத்து கீறியிருந்தார்கள். நான் சாண்ட்பேப்பரை எடுத்தேன். அவர் கையைப் பிடித்துவிட்டார். "பள்ளத்தை எடுக்கலாம். இதை எடுக்கக்கூடாது. இது அவனோடது," என்றார்.

ஒரு மாதம் கழித்து, உரிமம் இல்லாதவர்கள் மேற்பார்வையில் சுடுவதற்கான படிவத்தை நிரப்பி, ரேஞ்சுக்குப் போனோம். 100 மீட்டர் தூரத்தில் காகித இலக்கு. தோளில் இடி விழுந்த மாதிரி இருந்தது. மூன்றாவது தோட்டா கறுப்பு வட்டத்துக்குள் போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

எங்கள் வீடு சிகாமட் பக்கம். கெமாஸ் தூரமில்லை. 1942 ஜனவரி 14-இல் அங்கே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில், சைக்கிளில் வந்த ஜப்பானியர்களை ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது இதே ரகம். அடுத்த மாதம் சிங்கப்பூர் விழுந்தது. பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட ஆயுதங்கள் இந்திய தேசிய இராணுவத்தின் கைக்குப் போயின. தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் பையன்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அதே ரகத் துப்பாக்கி இப்போது எதிர்ப்பக்கம் குறிவைத்தது.

இதை எங்கள் இளைஞர் பிரிவு அண்ணனிடம் போனில் சொன்னேன். "அப்போ தெரியுதில்ல தம்பி, கருவிக்கு ஏது பாவம்? எல்லாம் பிடிக்கிற கையிலதான். ஆயுத பூஜைக்கு நாம எதுக்குப் பொட்டு வைக்கிறோம்?" என்றார்.

சரியாத்தான் பட்டது. ஆனால் நான் படிப்பது பொறியியல். ஒரு பொருளை வரையும்போதே அது எதற்கு என்ற முடிவு அதற்குள் போய்விடுகிறது. சமையல் கத்தி காய் நறுக்கப் பிறந்தது. இந்தத் துப்பாக்கியின் குறிகாட்டியில் 2000 கெஜம் வரை அளவு பொறித்திருக்கிறது. கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் யாரும் காகிதத்தைக் கட்டித் தொங்கவிட மாட்டார்கள். மனிதக் கூட்டம் நிற்கும் தூரம் அது. கை மாறலாம், கொடி மாறலாம். அந்த அளவுகோல் மாறவில்லையே.

அப்படியென்றால் அதைப் பழுதுபார்த்ததே தப்பா? நான் அப்படி நினைக்கல. உருக்கிப் போட்டிருந்தால் நானும் கெமெஞ்சே பற்றி யோசித்திருக்க மாட்டேன். மறுபடி கூப்பிட்டால் சுடவும் போவேன். தப்பு எங்கே வருகிறது என்றால், பளபளவென்று தேய்த்து, எழுத்தை அழித்து, இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று நம்மை நாமே நம்பவைக்கும்போது. நான் சாண்ட்பேப்பரை எடுத்தது அதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என் காலிப்பருக்கும் லேப்டாப்புக்கும் அம்மா குங்குமம் வைத்தார். அது பக்கத்தில் அந்தத் துப்பாக்கி இருந்தால் வைக்கச் சொல்வேனா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். கை கூப்பத் தோன்றியது. பொட்டு வைக்கத் தோன்றவில்லை.

போன வாரம் அவர் ஒரு படம் அனுப்பினார். ஆளிவிதை எண்ணெய் பூசி முடித்துவிட்டார். கட்டை தேன் நிறத்தில் இருக்கிறது. எண்ணெய் இறங்கியதில் அந்த இரண்டு எழுத்தும் முன்பைவிடக் கறுப்பாகத் தெரிகின்றன.