வலை அறுந்த பின்னரும்

ஊர்காவற்றுறைக் கரையில் வலை பொத்துபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தனியொரு முடிச்சு மீன் பிடிக்காது. முடிச்சுகள் யாவும் ஒன்றோடொன்று தொடுக்கப்படும்போதே அது வலையாகிறது. மனித மனமும் இத்தகையதோ என்று வருடக்கணக்காக ஆராய்ந்தார் ஓர் அமெரிக்க உளவியல் அறிஞர்.

டேவிட் றூமெல்ஹாட் என்னும் அவர் 1942இல் பிறந்தவர். மூளையின் நரம்புக் கலங்களைப் போலத் தொடுக்கப்பட்ட எளிய அலகுகளின் வலையொன்றைக் கணனியில் அமைத்தார். 1986இல், ஜேம்ஸ் மக்லெலண்டுடன் சேர்ந்து, ஆங்கில வினைச்சொற்களின் இறந்தகால வடிவங்களை அதற்குப் பழக்கினார். இலக்கண விதி எதனையும் சொல்லிக்கொடுக்கவில்லை. விடை பிழைத்தால் இணைப்புகளின் வலு சிறிது சிறிதாகத் திருத்தப்படும், அவ்வளவே. பழகும் வழியில், சிறுபிள்ளைகள் விடும் பிழைகள் சிலவற்றை அந்த வலையும் விட்டது! அதே ஆண்டு ஜெப்றி ஹின்ரன், றொனால்ட் வில்லியம்ஸ் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை, இன்றைய செயற்கை நுண்ணறிவின் அத்திவாரங்களுள் ஒன்று. ஹின்ரனுக்கு 2024இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் றூமெல்ஹாட்டை, மூளையின் கலங்களைப் படிப்படியாக அழிக்கும் 'பிக்' நோய் பற்றிக்கொண்டது. 1998இல் ஸ்டான்போட் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகினார். மிச்சிகனில் சகோதரருடன் வாழ்ந்து, 2011இல் காலமானார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மனம் ஒரு வலையே என்றால், முடிச்சுகள் அவிழ்ந்தபின் எஞ்சியிருப்பவர் யார்?

இது தூரதேசத்துக் கேள்வியன்று. நெடுந்தீவிலோ வேலணையிலோ, பெற்ற மகனையே அடையாளம் தெரியாத ஆச்சி ஒருவர் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். கனடாவிலிருந்து மகன் பேசுகிறான். "அவவுக்கு இனி ஒண்டும் விளங்காது" என்று சொல்லி, தொலைபேசியை அவரிடம் கொடுக்காமலே வைத்துவிடுகிறோம். நினைவு போனதும் ஆளும் போய்விட்டார் என்று நாமே தீர்ப்பிட்டு விடுகிறோம்.

அறிவு எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு குலைகிறது என்பதை ஆய்வாளர் சொல்லட்டும், நன்றியோடு கேட்போம். ஒரு மனிதரின் மதிப்பு எவ்வளவு என்பது வேறு கேள்வி. அதற்கு நம் ஆலயத்திலேயே விடை உண்டு. தன் பெயரையும் அறியாத பச்சிளங் குழந்தையைத் தூக்கிச் சென்று, பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். அதன் அறிவை அளந்து பார்த்தா கொடுக்கிறோம்? அப்படியாயின், தன் பெயரை மறந்த ஆச்சியிடமிருந்து அப்பெயரைப் பறிக்க நாம் யார்?

அடுத்தமுறை மகன் பேசும்போது, அவருடைய காதிலும் ஒரு கணம் தொலைபேசியை வையுங்கள். அவர் மறந்ததை அவருக்காக நாம் நினைவில் வைத்திருப்போம்.