கேட்பவளின் கடன்

1968இல் பிரேசிலின் 'மன்ஷேச்சி' வார இதழுக்காகப் பிரபலங்களைப் பேட்டி காணத் தொடங்கியபோது கிளாரிஸ் லிஸ்பெக்டருக்கு 47 வயது. கணவரைப் பிரிந்து இரண்டு மகன்களோடு ரியோவில் இருந்தார். 1966இல் சிகரெட்டால் படுக்கை தீப்பற்றி அவர் வலது கை வெந்துபோயிருந்தது. நாவல்கள் பெயரைத் தந்தனவே தவிர, குடும்பம் நடத்தப் பணம் தரவில்லை. ஆகவே இது கூலிக்குச் செய்த வேலை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெண் எழுத்தாளரின் சம்பாத்தியத்தைப் பேசுவதை இன்னமும் நாம் அநாகரிகமாகத்தான் நினைக்கிறோம்.

அதற்கு முன் பெண்கள் பக்கங்களில் தெரேசா குவாத்ரோஸ், ஹெலன் பால்மர் என்ற புனைபெயர்களிலும், பிறகு இல்கா சோவாரெஸ் என்ற நடிகையின் பெயரிலும் அழகுக் குறிப்பும் வீட்டுக் குறிப்பும் எழுதியவர் அவர். இந்தப் பகுதிக்கோ தலைப்பிலேயே அவர் பெயர் இருந்தது: 'கிளாரிஸ் லிஸ்பெக்டருடன் சாத்தியமான உரையாடல்கள்'. பேட்டி அல்ல, உரையாடல். இசையமைப்பாளர் டாம் ஜோபிம், பாடகர் சிக்கோ புவார்க்கே போன்றவர்களிடம் உலகில் எது முக்கியம், காதல் என்றால் என்ன என்றெல்லாம் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் தன்னைப் பற்றியும் பேசினார்.

பேட்டி எடுப்பவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது இதழியல் பாடம். வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகும் மாணவிகளுக்கு நானும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். நடவு வேலை செய்யும் பெண்கள் எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், "நீ எந்த ஊரும்மா? உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்பார்கள். மாணவி சிரித்து மழுப்புவாள். எழுத்தில் பெயர்க்கும்போது அந்த இடத்தை வெட்டிவிடுவோம். நேரம் வீணாகிறது என்றுதான் நினைத்திருந்தேன். லிஸ்பெக்டரைப் படித்த பிறகுதான் புரிந்தது, அந்தப் பெண்கள் கேட்டது அடகுப் பொருள். தன் வாழ்க்கையைத் தருமுன் நம்முடையதில் கொஞ்சம்.

ஆனால் ஜோபிமிடம் மனம் திறப்பதில் என்ன பெரிய இழப்பு? இருவரும் புகழ் பெற்றவர்கள், ஒரே நகரத்துக்காரர்கள். சமமானவர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் அது. நடவுப் பெண்ணிடம் என் மாணவி தன் கதையைச் சொன்னாலும், இரண்டு கதைகளையும் வைத்துப் பட்டம் வாங்கப் போவது மாணவிதான். லிஸ்பெக்டருக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்க வேண்டும். எந்தப் பத்திரிகையும் பேட்டி காணாத மக்காபேயா என்ற ஏழைத் தட்டச்சுப் பெண்ணை 1977இல் 'நட்சத்திரத்தின் நேரம்' நாவலில் எழுதியபோது, அவள் கதையைச் சொல்ல ஓர் ஆண் எழுத்தாளரைப் படைத்து, சொல்லத் தனக்கென்ன உரிமை என்று அவரைத் தவிக்கவிட்டார்.

அதே ஆண்டு பிப்ரவரியில் அவரே தொலைக்காட்சிக் கேமரா முன் உட்கார்ந்தார். பல கேள்விகளுக்கு ஓரிரு சொற்களில் பதில். தன் மரணத்துக்குப் பிறகே ஒளிபரப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஊராரையெல்லாம் கேட்டவர், தன் முறை வந்தபோது மௌனத்தைக் கையில் வைத்துக்கொண்டார். இதை முரண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பருவத்தில் மாணவிகளிடம், உங்களைக் கேட்ட கேள்விகளையும் உங்கள் பதில்களையும் வெட்டாமல் எழுதி வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். முதலில் வந்த ஒலிப்பதிவில் ஒரு மூதாட்டி, "நீங்க என்ன ஆளுங்க?" என்கிறார். பிறகு நெடுநேரம் கோழிகளின் சத்தம் மட்டும். மாணவி பதில் சொல்லவேயில்லை. அவள் எழுதிக் கொடுத்த பிரதியில் அந்தக் கேள்வி இல்லை. திருத்தச் சொல்வதா, விட்டுவிடுவதா என்று தெரியாமல் இரண்டு வாரமாக அந்தத் தாள் என் மேசையில் கிடக்கிறது.