மறைப்பதும் அருளா?

நடராசர் திருவுருவத்தில் பக்தரின் கண் முதலில் பற்றிக்கொள்வது தூக்கிய திருவடியை. அடைக்கலம் அங்கேதான் என்று மரபும் சொல்கிறது. ஆனால் அந்தக் கூத்தின் பாரம் முழுவதையும் தாங்குவது ஊன்றிய திருவடி. சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றான உண்மை விளக்கம் இந்த உருவத்தை ஐந்தொழிலாக விரித்துக் காட்டுகிறது: உடுக்கை படைத்தல், அமைத்த கை காத்தல், தீ ஏந்திய கை அழித்தல், ஊன்றிய அடி மறைத்தல், தூக்கிய அடி அருளல். முதல் மூன்றையும் கடவுளுக்கு உரிய தொழில்களாகப் பல சமயங்கள் சொல்லும். மறைத்தலையும் அவற்றோடு சேர்த்து, அருளலுக்கு முந்தைய இடத்தில் வைத்தது சைவ மரபின் பெரும் துணிவு. மறைத்தல் ஏன் கடவுளின் தொழிலாக வேண்டும்? தன்னை மறைத்துக்கொள்ளும் ஒருவனை அன்பே வடிவானவன் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த தத்துவ அறிஞர் ஜே. எல். ஷெல்லன்பெர்க் 1993இல் வெளியிட்ட நூலில், கடவுள் மறைந்திருப்பதையே கடவுள் இல்லை என்பதற்கு ஒரு வாதமாக முன்வைத்தார். நிறைந்த அன்புள்ள ஒருவர் தம்மோடு உறவு கொள்ளத் தயாராக இருப்பவரிடமிருந்து ஒளிந்துகொள்ள மாட்டார். மறுக்கும் பிடிவாதம் சிறிதும் இல்லாதவர்களிலும் கடவுளை அறியாதவர்கள் உண்டு. ஆகவே அப்படிப்பட்ட கடவுள் இல்லை என்பது அந்த வாதத்தின் சாரம். நம்பிக்கை உள்ளவர்கள் இதை எளிதாகத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. உண்மையாகத் தேடியும் காணாதவரைப் பார்த்து, 'உன் தேடலில் குறை' என்று சொல்வது வாதமாகாது. அது வெறும் பழி.

சித்தாந்தம் வேறு வழியில் விடை தேடுகிறது. உயிரை மூடியிருப்பது ஒரே மறைப்பு அன்று, இரண்டு என்கிறது. முதலாவது ஆணவம். அதை இறைவன் உண்டாக்கவில்லை. செம்பில் களிம்புபோல உயிரோடு தொடக்கமில்லாமல் ஒட்டியிருப்பது. உமாபதி சிவம் திருவருட்பயனில் இதை இருளோடு ஒப்பிட்டு, இருளைவிடக் கொடியது என்கிறார். இருள் பொருள்களை மறைத்தாலும் 'நான் இருள்' என்று தன்னையாவது காட்டும். ஆணவமோ தான் மறைப்பதையே தெரியவிடாது. இரண்டாவது திரோதானம், அதாவது இறைவனின் மறைப்புச் சத்தி. உயிரைக் கட்டும் அழுக்குகளான மலங்களோடு உடன் நின்று அவற்றைத் தொழிற்படுத்துவதால் அதையும் மலம் என்று எண்ணுவது உண்டு. ஆனால் உயிர் பக்குவப்பட்டதும் அதே சத்திதான் அருட்சத்தியாகப் பதிகிறது. கண்ணை மூடும் புரையும் மறைப்புதான்; அறுவை முடிந்ததும் மருத்துவர் கட்டும் கட்டும் மறைப்புதான். ஒன்று நோய், மற்றது மருத்துவம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம்.

சரி, மருத்துவத்துக்கு மறைப்பு எதற்கு? உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை. 'நான்', 'எனது' என்று பற்றியே பழகிய உயிருக்கு முன் முழுமுதல் ஒளி மறைவின்றி வந்து நின்றால் என்ன நடக்கும்? அந்த ஒளியையும் தன் உடைமையாக்கத்தான் அது முயலும். எல்லாம் வல்ல ஒருவன் கண்முன் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் செய்யும் நன்மை பெரும்பாலும் பயமாகவோ பேரமாகவோ முடியும். அங்கே அன்பு வளர இடமில்லை. ஆகவே உலகை உலகாகவே எதிர்கொண்டு, வினையின் பயனை நுகர்ந்து, பற்றின் வெறுமையை உயிர் தானே கண்டறிய ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிதான் திரோதானம். ஊன்றிய அடியின் கீழ் கிடப்பது யார் என்று பார்த்தால் இது இன்னும் துலங்கும். அங்கே கிடப்பவன் முயலகன், மலத்தின் உருவம். மறைக்கும் அடி அழுத்துவது உயிரை அன்று, அதைப் பிடித்த நோயை. அந்த அடி ஊன்றாமல் மற்ற அடி தூக்கவும் முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மறைப்பைப் புனிதமாக்கினால், மனிதர் மனிதருக்குப் போடும் திரைகளையும் புனிதமாக்கியதாகாதா? வரலாறு அப்படித்தான் நடந்திருக்கிறது. கோயில் வாசலைப் பலருக்கு அடைத்தவர்களும் சமயத்தின் பெயரால்தான் அடைத்தார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்தக் கொள்கை அந்தக் கதவடைப்புக்குத் துணை நிற்கவில்லை, அதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. மறைத்தல் இறைவனுக்கு மட்டுமே உரிய தொழில். விலகுவதற்காகவே இடப்பட்ட மறைப்பு அது. விலகவே கூடாது என்று மனிதர் போடும் திரை ஆணவத்தின் வேலை. வடலூரில் 1872இல் வள்ளலார் திறந்த சத்திய ஞான சபையில் ஏழு வண்ணத் திரைகள் உண்டு. தைப்பூசத்தன்று கறுப்பில் தொடங்கி அவை ஒவ்வொன்றாக விலக, சாதி பார்க்காமல் கூடி நிற்கும் மக்கள் எல்லோரும் சோதியைக் காண்கிறார்கள். அந்தத் திரைகள் அங்கே தொங்குவதே நீக்கப்படுவதற்காகத்தான்.

ஷெல்லன்பெர்க்கின் வாதம் இதனால் முற்றிலும் வீழ்ந்துவிடாது. உயிர் அநாதி, பக்குவம் பல பிறவிகளில் விளைவது என்பதை ஏற்காதவருக்கு, இந்த ஒரு வாழ்வில் தேடியும் கடவுளைக் காணாதவரின் கணக்கு தீராமல்தான் நிற்கும். ஆனால் அன்பு மறைக்கவே செய்யாது என்ற அவருடைய முதல் கூற்றைச் சித்தாந்தம் அசைத்துவிடுகிறது. மறைப்பு அன்புக்கு எதிரானதா இல்லையா என்பதை, அது யாரைக் காக்கிறது, எப்போது விலகுகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். துயரத்தில் இருப்பவரிடம் 'இது உனக்கான மருந்து' என்று சொல்லும் உரிமையை இந்தக் கொள்கை யாருக்கும் தரவில்லை. தம் இருளைப் பொறுத்துக்கொள்ள ஒருவர் அதைத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். பிறர் இருளில் நிற்கும்போது நம் கடமை விளக்கம் சொல்வது அன்று, கைகொடுப்பது.