தோற்றவர்க்கு உரைக்கும் சொல்

இல்லறத்தில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செய்யும் உதவிகளுள், சிறியதாகத் தோன்றினும் செய்தற்கு அரியது ஆறுதல் கூறுதலாகும். பொருள் இழந்தவரிடமும், உறவினரைப் பிரிந்தவரிடமும் என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்னோர் வழக்கமாகவே நமக்குக் கற்பித்துச் சென்றனர். ஆனால் விளையாட்டில் தோற்று வாடுபவர்க்கு என்ன சொல்வது? இக்கேள்வி அற்பமானது என்றே நாமும் எண்ணியிருந்தோம். திட்டக்குடியில் உறவினர் இல்லமொன்றில் தங்கிய ஓர் இரவு அவ்வெண்ணத்தை மாற்றியது.

அவ்வீட்டு இளைஞர் பொழுது சாயுமுன் உணவை முடித்துவிட்டுக் கைப்பேசியில் வீடியோ விளையாட்டு ஆடுவது வழக்கம். பணம் வைத்து ஆடுவதன்று. மூன்று மாதங்களாகப் படிப்படியாக ஏறி வந்தவருக்கு மேல்நிலையை எட்ட இன்னும் ஒரே ஒரு வெற்றிதான் தேவைப்பட்டது. அன்று தோற்றார். முகம் வாடி அமர்ந்திருந்தவரிடம் அவர் மனைவி, "வெறும் விளையாட்டுதானே! இதற்குப் போய்ச் சின்னப்பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதா?" என்றார். இளைஞர் ஒன்றும் பேசாது எழுந்து சென்று இருட்டில் திண்ணையில் அமர்ந்துகொண்டார். அப்பெண் நம்மிடம் வந்து, "மாமா, நான் ஆறுதலாகத்தானே சொன்னேன்? அதில் என்ன தவறு?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அவர் சொன்னது பொய்யன்று. எனினும் அது புண்படுத்தியது. உண்மையே பேச வேண்டும் என்பதும், சொல்லாலும் பிறரைத் துன்புறுத்தலாகாது என்பதும் நாம் மேற்கொண்ட அறங்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் இல்லறத்தார் செய்யத்தக்கது யாது?

பொதுவாக நாம் மூன்று வகையில் ஆறுதல் கூறுகிறோம். முதலாவது, "வெறும் விளையாட்டுதானே" என்பது. 2013 நவம்பரில் விசுவநாதன் ஆனந்த் தாம் வளர்ந்த சென்னையிலேயே மாக்னஸ் கார்ல்சனிடம் 3½ – 6½ என்னும் புள்ளிக் கணக்கில் தோற்று, 2007 முதல் தம் வசமிருந்த உலகச் சதுரங்கப் பட்டத்தை இழந்தார். அன்று அவரிடம் சென்று எவரேனும் "வெறும் விளையாட்டுதானே" என்று கூறியிருப்பாரா? உலகப் பட்டமும் கைப்பேசியில் பெறும் தரநிலையும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆயினும் துன்பத்தை அளக்கும் கோல், இழந்த பொருளின் பெருமை அன்று. அதற்காக இழந்தவர் செலுத்திய மனமேயாகும். வெளியில் நிற்பவர்க்கு அது விளையாட்டு. ஆடியவர்க்கோ அது மூன்று மாத உழைப்பு. ஒரே பொருளை இரு நோக்கில் காணலாம் என்று மேடைகளில் பேசும் நாம், வீட்டுத் திண்ணையில் அதனை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, "உங்கள் மேல் தவறில்லை, எதிரி ஏமாற்றிவிட்டான், கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள்" என்பது. இது இனிக்கும் பொய். கேட்பவர் மனத்தில் பகையை வளர்ப்பது. மெய்ந்நிலை வேறு. சதுரங்கத்திற்கென அர்பாத் ஏலோ வகுத்த தரமதிப்பீட்டு முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. அத்தகைய கணக்கீட்டைக் கொண்டே இன்றைய இணைய விளையாட்டுகள் பலவும் ஏறத்தாழச் சம வலிமை உடையவரை எதிரெதிரே நிறுத்துகின்றன. ஒருவர் உயர உயர, அவரெதிரே வருபவரும் உயர்ந்தவராகவே இருப்பார். ஆகவே தோல்வி அவ்வாட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. இதனை எடுத்துரைத்தால் பொய்யின்றியே ஒருவரது குற்ற உணர்வைக் குறைக்கலாம்.

மூன்றாவது, "அடுத்த முறை கட்டாயம் வெல்வீர்கள்" என்பது. ஆனந்த் 2014 மார்ச்சில் கந்தி மான்சீஸ்க் நகரில் நடைபெற்ற தகுதிப் போட்டியில் ஓர் ஆட்டமும் தோற்காமல் முதலிடம் பெற்றார். எனினும் அதே ஆண்டு நவம்பரில் சோச்சியில் கார்ல்சனிடம் மீண்டும் தோற்றார். அத்துணைப் பெரிய ஆட்டக்காரர்க்கே உறுதியில்லாத வெற்றியை நாம் எவ்வாறு வாக்களிப்பது?

நளன் கதையை நாம் அறிவோம். நாட்டைச் சூதில் தோற்ற நளனிடம் தமயந்தி, தன் தந்தையின் நகருக்குச் செல்லலாம் என்றாள். அன்பான சொல்லே, நல்ல வழியுங்கூட. ஆனால் முன்பு பெருமையோடு புகுந்த நகரில் வறியவனாகப் புக அவன் மனம் இசையவில்லை. முடிவில் உறங்கும் மனைவியைக் காட்டில் விட்டு நீங்கினான். பிரிவுக்கு அவன் நாணமே வழிவகுத்தது. தோற்றவரைத் தனிமைக்குத் துரத்துவது இந்த நாணமே. அதனை முதலில் தணிக்க வேண்டும். வழி கூறுதல் பிறகு.

நம்மிடம் கேள்வி கேட்ட பெண் விருத்தாசலத்தில் பிறந்தவர். அவர் தந்தை பீங்கான் சூளையில் பணிபுரிந்தவர். "அம்மா, சூளையை அணைத்ததும் உன் அப்பா கதவைத் திறந்துவிடுவாரா?" என்று கேட்டோம். "மாட்டார் மாமா, எல்லாம் விரிசல் விட்டுவிடும்" என்றார். ஆம், ஆயிரம் பாகைக்கு மேல் சுட்ட பொருள்கள் ஆறும்போது, 573 பாகை செல்சியசு அளவில் அவற்றிலுள்ள குவார்ட்ஸ் சட்டெனச் சுருங்கும். அவ்வேளையில் குளிர்காற்று பட்டால், நன்றாகச் சுட்ட பொம்மையும் வெடிக்கும். காற்றின் மீது குற்றமில்லை. அது புகுந்த நேரமே குற்றம். உண்மைச் சொல்லும் அத்தகையதே. அறங்கள் இரண்டும் மோதுவதாக நாம் எண்ணியது பிழை. உண்மையை விடவும் வேண்டா, அவசரப்படுத்தவும் வேண்டா.

இங்கு ஓர் எல்லையையும் கூற வேண்டும். பணயம் வைத்து ஆடுவது சூது. ஏழு வியசனங்களுள் முதலாக எண்ணப்படுவது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. அங்கே தோற்றவர்க்கு ஆறுதல் மட்டும் போதாது; தடுத்து நிறுத்துவதும் துணையின் கடமை. உறக்கத்தையும் தொழிலையும் விழுங்கும் ஆட்டத்திற்கும் இது பொருந்தும். ஆனால் அந்த அறிவுரைக்கும் தோற்ற இரவு ஏற்ற நேரமன்று; மறுநாள் காலை உண்டு.

அப்பெண் சிறிது நேரம் கழித்துத் திண்ணைக்குச் சென்று கணவர் அருகில் அமர்ந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "எந்த இடத்தில் தவறிப்போயிற்று, சொல்லுங்களேன்" என்று கேட்டார். அவ்வாட்டத்தின் பெயரைக்கூட அவர் சரியாக அறியார். ஆயினும் கணவர் சொல்லச் சொல்ல அரைமணி நேரம் கேட்டிருந்தார். இறுதியில் இளைஞர் தாமாகவே, "என் அவசரந்தான் காரணம். போகட்டும், விளையாட்டுதானே" என்று கூறி எழுந்து உள்ளே வந்தார்.

முன்பு புண்படுத்திய அதே சொல், இப்போது அவர் வாயிலிருந்தே ஆறுதலாக வந்தது. தோற்றவர் தாமே கண்டு சொல்ல வேண்டிய உண்மையை நாம் முந்திக்கொண்டு சொல்லாதிருப்போமாக. அவர் அதனைக் காணும் வரை அருகில் அமர்ந்திருப்போமாக. இல்லறத்தார்க்கு இதுவும் ஒரு நோன்பே.