கிழவியாகும்வரை காத்திருக்கவா?

ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கபிலர், பாரி, ஓரி என்று போகும் வரிசையில் ஒருத்திதான் பெண்: ஔவை. தமிழ்த்துறைக்காரிக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது.

ஔவையைத் தனியாக ஊர்சுற்ற விட்ட மரபு அதற்கு விலையும் வாங்கியது. கல்யாணத்திலிருந்து தப்ப முதுமையை வேண்டிப் பெற்றாள் என்கிறது கதை. காரைக்கால் அம்மையாரும் உடல் தசையை உதறிப் பேயுரு பெற்ற பிறகுதான் திருவாலங்காட்டுக்குப் போகிறார். அதியமான் தந்த கள்ளைக் கூச்சமில்லாமல் பாடிய சங்க ஔவையை ஓரம் தள்ளிவிட்டு, பாட்டியை மட்டும் மெரினாவில் சிலையாக நிறுத்தினோம். பிறர் விரும்பக்கூடிய உடம்பு இருக்கும்வரை ஒருத்தி தனியே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு வயது நாற்பதுகளில். ஏலகிரியில் தெரிந்தவர் நிலத்தில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தனியாகத் தங்கினேன். ஒரே ஒரு டம்ளர் கடுங்காப்பி போட்டேன், எனக்கு மட்டும். அது ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். பரம சுகம். திரும்பியதும், "எழுதத்தானே போனீங்க?" என்றார் சக பேராசிரியர். ஆமாம் என்றிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காரணமே இல்லாமல் வெளியில் திரியும் உரிமையைத்தான் மும்பைப் பெண்களை முன்வைத்து 2011இல் 'வொய் லாய்ட்டர்?' நூல் கேட்டது.

மலைக்குக் கீழே, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யத் தடை விதித்தது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சரியான தீர்ப்புதான். ஆனால் உழைப்புக்குத் திறந்த இரவு, சும்மா உட்காரத் திறக்கவில்லை.

என் பயணத்தைக் கேட்ட மாணவி ஒருத்தி சொன்னாள்: "எங்கம்மாவுக்குக் கம்பெனி வேன்ல ஜன்னல் சீட்டு கிடைச்சாலே போதும் மேடம். அவங்க தனியா இருக்கறது அப்போ மட்டும்தான்."

தனிமை வசதியானவர்களின் ஆடம்பரம் என்பவர்கள் அந்த ஜன்னல் சீட்டுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? நான் மலைக்குப் போகாமலிருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு நிமிடமும் கூடப்போவதில்லை. வேலை நேரம் குறைந்து, வீட்டில் வேறொருவர் உலை வைத்தால் கூடும்.

ஒரு நாள் முழுக்கத் தனியாகக் கிடைத்தால் அம்மா என்ன செய்வார் என்று கேட்டேன்.

"முதல்ல தூங்குவாங்க மேடம்" என்றாள். "ரெண்டாவது நாளும் கிடைச்சா கேட்டுச் சொல்றேன்."