ஒரு கிழங்கு இரண்டானால்

போன ஆண்டு ஊன்றிய செங்காந்தள் கிழங்கை இந்த ஆண்டு தோண்டினால் அது அகப்படாது. தன் சத்தையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கி வெறும் தோலாகியிருக்கும். அதன் இடத்தில் புதுக்கிழங்கு, பெரும்பாலும் இரு கிளையாகக் கவைத்துக் கிடக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளைக்கண். அப்படியானால் இப்போது வேலியில் ஏறுவது பழைய கொடிதானா, வேறொன்றா? இரு கண்ணும் முளைத்தால் எது பழையது?

விளையாட்டுக் கேள்வி அல்ல. இறந்தபின் மீண்டும் பிறப்பது யார் என்று தமிழ்நாட்டுச் சமயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய பொருள்தான் இது.

வாதத்துக்கு முன் செடியைப் பார்ப்போம். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்து ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பெரிதும் நம்பி வாழும் சீமை. அங்கே வீட்டுத் தோட்டத்துக்குக் காந்தளைவிடப் பொருத்தமான பூ அரிது. காய் முற்றியதும் கொடி காய்ந்துவிடும். கிழங்கு கோடை முழுதும் மண்ணுக்குள் கிடக்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால்தான் கெடுதல், கிழங்கு அழுகிவிடும். நீர் தேங்காத மண் வேண்டும். இலைநுனி சுருண்டு பற்ற ஒரு வேலி வேண்டும். முளைக்கண் ஒடிந்த கிளை முளைக்காது என்பதால் நடும்போது பதனம் தேவை. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கிழங்கை அவர்களிடம் வாங்குவதே நியாயம். மலையில் தோண்டி எடுப்பது காட்டைச் சூறையாடுவது. செடி முழுதும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. குழந்தையும் ஆடும் எட்டாத இடமே அதற்கு இடம். முருகன் தலையில் கண்ணியாகும் பூ, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் முதலில் பேர்சொல்லும் பூ, இன்று மாநில மலர், எல்லாம் இந்த நச்சுக்கொடியே.

கிழங்கின் கோடை உறக்கத்தைச் சைவ சித்தாந்தி பார்த்தால் மகிழ்வார். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே, உலகம் எவனிடம் ஒடுங்கியதோ அவனிடமிருந்தே மீண்டும் தோன்றும் என்றார். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இன்னும் ஒருபடி போய், அழித்தலையே அருள் என்றார்: பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு இறைவன் தரும் ஓய்வு அது. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்பது இவர்களின் சற்காரியவாதம். அடுத்த கொடி முளைக்கண்ணில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

பௌத்தர் ஒப்பமாட்டார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் போதிப்பது பன்னிரு சார்புகள்: ஒன்றைச் சார்ந்து மற்றொன்று வரும், ஊடே நிலையான ஆன்மா எதுவும் இல்லை. ஒரு சுடரிலிருந்து மறு சுடர் பற்றுவதுபோல், வருவது பழையதும் அன்று, முற்றிலும் வேறும் அன்று. உறங்கும் கிழங்கும் சுவாசிக்கிறது, சேர்த்த மாவுச்சத்தைச் சிறுகச் சிறுகச் செலவழிக்கிறது, ஒரு கணமும் அப்படியே நிற்பதில்லை என்ற தாவரவியல் உண்மை இவர்கள் பக்கம் பேசும். தம் சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் அருணந்தியார் தனித்தனியே எடுத்து மறுக்கிறார். எளிதில் தள்ளிவிடக்கூடிய எதிராளிகளாக அவர் அவர்களை எண்ணவில்லை.

கிழங்கு கவைக்கும் இடத்தில் பௌத்தர் கையே ஓங்குகிறது. உயிர் பிளவுபடாது என்பது சைவத்தின் உறுதி. எனவே இரண்டாம் கொடியில் வேறோர் உயிர் தன் வினைக்கேற்ப வந்து புகுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லலாம். எந்தக் கொடியில் பழைய உயிர் என்று காட்ட அடையாளம் இல்லையே!

புளியங்குடிக்குக் கிழக்கே சங்கரன்கோவிலில் இந்த எண்ணிக்கைச் சிக்கல் தலைகீழாக நிற்கிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று நாக அரசர்கள் சங்கனும் பதுமனும் வழக்காட, கோமதியம்மன் தவமிருக்க, இறைவன் சங்கரநாராயணராக ஒரே உடலில் காட்சி தந்தார் என்பது தலவரலாறு. ஆடித்தபசு அதைக் கொண்டாடும் விழா. அங்கே இரண்டு ஒன்றாயிற்று. காந்தளில் ஒன்று இரண்டாகிறது.

சைவர் கடைசியில் எடுக்கும் மறுப்பு வலுவானது: கிழங்கு வெறும் உடம்பு, உடம்பு பிளந்ததைக் கொண்டு உயிரைப் பற்றி முடிவுகட்டக் கூடாது. ஆனால் வேரிலும் கிழங்கிலும் முளைப்பவற்றை உற்பிச்சம் என வகுத்து, அவற்றுக்கும் உயிர் உண்டு என்றவர்கள் அவர்களே. அந்த ஓரறிவு உயிரை உடம்பிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பதைக் காட்டும் கடனும் அவர்களுடையதே.